ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டுகளில் ஷெல் அணுகலை மூடச் சொல்கிறார்கள்: எப்படி, எந்த அளவுக்கு மூடுவது?

பனையோலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணினிப் பிரிவைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறேன். நகர அலுவலகத்தில் ஈஎஸ்எக்ஸ்ஐ 8 (ஒரே சேர்வரில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருள்) ஓடும் இரண்டு ஹோஸ்ட் சேர்வர்களும், கிளிநொச்சிக் கிளையில் 7 ஓடும் பழைய ஹோஸ்ட் ஒன்றும் உள்ளன. மூன்றும், ஹோஸ்டுகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் ஒரே விசென்டரின் கீழ் இருக்கின்றன. அந்த விசென்டரும் நகர ஹோஸ்டுகளில் ஒன்றின் மேல்தான் மெய்நிகர் இயந்திரமாக ஓடுகிறது.

இவற்றை நிறுவித் தந்த ஒப்பந்தக்காரர்கள் மூன்றிலும் எஸ்எஸ்எச் சேவையை, அதாவது கட்டளைகளைத் தட்டும் ஷெல்லுக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழியை, திறந்தே விட்டுச் சென்றார்கள். நானும் அதை மாற்றவில்லை. சென்ற மாதம் வந்த வெளிக் கணக்காய்வாளர் தமது அறிக்கையில் "ஹோஸ்டுகளின் ஷெல் அணுகல் மூடப்பட வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். முகாமையாளர் அந்த வரியைச் சிவப்பு மையால் கோடிட்டு என் மேசையில் வைத்திருக்கிறார்.

என் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அலுவலகம் நல்லூர்க் கோயிலுக்கு அண்மையில் உள்ளது. திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மூடப்பட்டுவிடும். சென்ற தேர்த் திருவிழாவன்று கணக்குப் பிரிவின் மெய்நிகர் இயந்திரம் ஒன்று அசையாமல் நின்றுவிட்டது; விசென்டரிலிருந்து நிறுத்தினாலும் நிற்கவில்லை. வீட்டிலிருந்தபடி எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், ஓடும் இயந்திரங்களின் பட்டியலை எடுத்து, அதன் அடையாள எண்ணான வேர்ல்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு, முதலில் 'சொஃப்ட்', பிறகு 'ஹார்ட்', கடைசியாக 'ஃபோர்ஸ்' என்று மூன்று படிகளில் அதைக் கொன்று மீண்டும் எழுப்பினேன். ஷெல் பூட்டியிருந்தால் அன்று தேர் இருப்புக்கு வரும் வரை நானும் காத்திருந்திருக்க வேண்டும்.

அனுபவம் உள்ளவர்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

இரவுப்பணி எழுதியது:

தம்பி, திறப்பதா மூடுவதா என்று கேள்வியை அமைத்ததில்தான் சிக்கல் இருக்கிறது. நிறுவிய கையோடு இருக்கும் ஈஎஸ்எக்ஸ்ஐயில் ஷெல்லும் எஸ்எஸ்எச்சும் மூடியே இருக்கும். தேவைப்படும்போது திறந்து, வேலை முடிந்ததும் மூடுவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். மூட மறப்பது மனித இயல்பு என்பதால் நேரவரம்புகள் இரண்டையும் தந்திருக்கிறார்கள். அவை இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்பாதவர்கள் குறைவு; நானும் குழம்பியிருக்கிறேன்.

மேம்பட்ட அமைப்புகளில் 'யூசர்வார்ஸ்' என்ற தலைப்பின் கீழ் 'ஈஎஸ்எக்ஸ்ஐ ஷெல் டைம்அவுட்' என்று ஒன்று இருக்கும். சேவையைத் திறந்த பிறகு எத்தனை விநாடிக்குள் ஒருவர் உள்நுழைய வேண்டும் என்பதை அது சொல்கிறது. அந்த நேரம் கடந்தால் சேவை தானாக மூடிக்கொள்ளும். ஆனால் அதற்குள் உள்ளே போய்விட்டவரை அது வெளியே தள்ளாது. அவருடைய அமர்வு தொடரும், புதியவர்கள் மட்டுமே நுழைய முடியாது. உள்ளே போனவர் மடிக்கணினியைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் அவரைத் துண்டிப்பதற்கு 'ஷெல் இன்டரக்டிவ் டைம்அவுட்' என்ற மற்றொன்று இருக்கிறது. முதலாவதை மட்டும் அமைத்தவருடைய ஹோஸ்டில், சேவை மூடியதாகக் காட்டிக்கொண்டிருக்க, மூன்று நாளுக்கு முன்பு திறந்த ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) அமர்வு உயிரோடு இருக்கலாம். இரண்டிலும் 0 என்றால் எல்லையே இல்லை என்று பொருள். நான் பொறுப்பேற்ற ஹோஸ்டுகளில் யாரும் கை வைக்காத இடங்களிலெல்லாம் 0 தான் இருந்தது.

மாற்றிய உடனே அவை நடைமுறைக்கு வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். முதலாவது, சேவையை அடுத்த முறை தொடங்கும்போதுதான் எண்ணத் தொடங்கும். இரண்டாவது, இனிமேல் உள்நுழைபவர்களுக்குத்தான் பொருந்தும். ஆகவே இரண்டையும் 900 விநாடிக்கு அமைத்துவிட்டு, எஸ்எஸ்எச் சேவையை ஒரு முறை நிறுத்துங்கள். பிறகு தேவை வரும்போது தொடங்குங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். சேவையின் தொடக்கக் கொள்கை 'ஹோஸ்டோடு சேர்ந்து தொடங்கு' என்று இருந்தால், நீங்கள் இன்று நிறுத்தினாலும் அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு அது தானாக எழுந்து நிற்கும். அதைக் 'கையால் தொடங்கு' என்று மாற்ற வேண்டும்.

கடைசி பஸ் எழுதியது:

மரியாதையோடு மறுக்கிறேன். இவ்வளவும் கணக்காய்வாளருக்காகப் போடும் வேடம் என்பது என் கருத்து. நாங்கள் ஈஎஸ்எக்ஸ்ஐக்குப் பதிலாகப் புரொக்ஸ்மொக்ஸ் பயன்படுத்துகிறோம். அது டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. எஸ்எஸ்எச் எப்போதும் திறந்திருக்கும். கிளஸ்டரில் உள்ள கணினிகளே ஒன்றோடொன்று பேசவும் இயந்திரங்களை இடம் மாற்றவும் ரூட் சாவியோடு (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் கோப்பு) எஸ்எஸ்எச்சைத்தான் பயன்படுத்துகின்றன, ஆகவே மூடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கடவுச்சொல்லால் நுழைவதைத் தடுத்து, சாவியால் மட்டும் நுழையவிட்டு, தீச்சுவரில் நிர்வாக வலையமைப்பைத் தவிர மற்றவற்றை அடைத்துவிட்டோம். ஒரு குறையும் வரவில்லை.

2023 பெப்ரவரியில் உலகெங்கும் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டுகளைப் பூட்டிப் பணம் கேட்ட தாக்குதலை நினைத்துப் பாருங்கள். ஓப்பன்எஸ்எல்பி சேவையில் இருந்த ஓட்டை, 427ஆம் போர்ட். அதற்கான திருத்தம் 2021 பெப்ரவரியிலேயே வெளிவந்திருந்தது. இணையத்துக்குத் திறந்துவிடப்பட்டு, இரண்டு ஆண்டுகளாகத் திருத்தம் போடப்படாமல் கிடந்த ஹோஸ்டுகளே பெரும்பாலும் விழுந்தன. எஸ்எஸ்எச்சை மூடியிருந்தால் அவை தப்பியிருக்குமா?

இரவுப்பணி எழுதியது:

ஓப்பன்எஸ்எல்பி பற்றிச் சொன்னது சரி, திருத்தம் போடாதவருக்கு எந்தப் பூட்டும் உதவாது. ஆனால் புரொக்ஸ்மொக்ஸில் எஸ்எஸ்எச் திறந்திருக்க வேண்டியிருப்பது அதன் கட்டமைப்பின் தேவை. ஈஎஸ்எக்ஸ்ஐக்கு அந்தத் தேவை இல்லை. இடமாற்றம், பேக்கப், கண்காணிப்பு எல்லாம் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) வழியாக நடக்கின்றன. தேவையில்லாத கதவை அண்டை வீட்டில் திறந்திருக்கிறது என்பதற்காக நாமும் திறந்து வைக்க வேண்டுமா?

சோளகம் எழுதியது:

பூட்டுவது பற்றிப் பேசும்போது அளவுக்கு மீறிப் பூட்டியதால் நான் பட்ட பாட்டையும் எழுதிவிடுகிறேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் எங்களுக்கு ஒரே ஒரு ஹோஸ்ட்தான் இருந்தது. பாதுகாப்பைக் கூட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில் அதை லொக்டவுன் நிலைக்கு, அதாவது விசென்டரைத் தாண்டி நேரடியாக ஹோஸ்டுக்குள் நுழைவதைத் தடுக்கும் நிலைக்கு, மாற்றினேன். சாதாரணம், கடுமை என்று இரண்டு நிலைகள் உண்டு. கடுமையான நிலை 6.0 பதிப்பில் வந்தது. சாதாரண நிலையில், ஹோஸ்டின் முன்னால் போய் நின்றால் தெரியும் அந்த மஞ்சளும் சாம்பலுமான திரை, அதாவது டிசியூஐ, வேலை செய்யும். கடுமையான நிலையில் அதுவும் நிறுத்தப்படும். விசென்டர் ஒன்றே வழி. 'கடுமை' என்ற சொல் எனக்கு அன்று பிடித்துப் போனது. லொக்டவுனிலும் நுழைய அனுமதிக்கப்படும் விதிவிலக்குப் பயனர் என்று ஒருவரையும் சேர்க்கவில்லை. எஸ்எஸ்எச்சையும் ஷெல்லையும் மூடினேன்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மின்பிறப்பாக்கிக்கு டீசல் கிடைக்கவில்லை. யூபிஎஸ் வற்றி ஹோஸ்ட் நின்றது. மின்சாரம் வந்ததும் ஹோஸ்ட் எழுந்தது, ஆனால் அதன் மேலிருந்த இயந்திரங்கள் எழவில்லை, ஏனென்றால் தானாகத் தொடங்கும் அமைப்பை நான் போட்டிருக்கவில்லை. எழாதவற்றுள் விசென்டரும் ஒன்று. விசென்டரை எழுப்ப ஹோஸ்டுக்குள் போக வேண்டும். ஹோஸ்டுக்குள் போக விசென்டர் வேண்டும். திரைக்கு முன்னால் விசைப்பலகையோடு உட்கார்ந்து எஃப்2 விசையை எத்தனை முறை அழுத்தினேன் என்று தெரியாது.

அந்த நிலைக்கு ஆவணத்தில் உள்ள தீர்வு, ஹோஸ்டை மீண்டும் நிறுவுவதுதான். நிறுவும்போது இயந்திரங்களின் கோப்புகள் உள்ள தரவுக்களஞ்சியத்தை அழிக்காமல் காப்பாற்றும் தெரிவு இருப்பதால் இயந்திரங்கள் பிழைத்தன. மெய்நிகர் சுவிட்சுகளையும் வீலான் எண்களையும் ஞாபகத்திலிருந்து மீண்டும் அமைத்து, ஒவ்வோர் இயந்திரத்தையும் பதிவு செய்து முடிக்க விடிந்துவிட்டது. பனையோலைத் தம்பி, உங்கள் விசென்டரும் ஹோஸ்டின் மேலேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடுமையான நிலையின் பக்கமே போக வேண்டாம்.

பனையோலை எழுதியது:

சோளகம் அக்கா, வாசித்ததும் வயிற்றைக் கலக்கியது. நான் அந்தத் தெரிவின் மேல் ஏற்கெனவே சுட்டியை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி அண்ணா சொன்னவற்றை நேற்று மூன்று ஹோஸ்டுகளிலும் தேடினேன். நேரவரம்புகள் எல்லாவற்றிலும் 0. தொடக்கக் கொள்கை 'ஹோஸ்டோடு சேர்ந்து'. எஸ்எஸ்எச் திறந்திருந்தால் விசென்டரில் மஞ்சள் எச்சரிக்கை வரும் என்று எங்கோ வாசித்திருந்தேன். எங்களிடம் அது ஒருநாளும் வந்ததில்லை. காரணம், 'ஷெல் எச்சரிக்கையை மறை' என்ற அமைப்பை யாரோ 1 ஆக்கி வைத்திருக்கிறார்கள். 0 ஆக்கியதும் மூன்று ஹோஸ்டுகளிலும் எச்சரிக்கை தோன்றியது.

மற்றொன்றும் கண்ணில் பட்டது. எட்சி அடைவில் எஸ்எஸ்எச் கோப்புறைக்குள் 'கீஸ்-ரூட்' என்ற இடத்தில் அனுமதிக்கப்பட்ட சாவிகளின் கோப்பு இருக்கிறது. அதில் மூன்று வரிகள். ஒன்று என்னுடையது. இரண்டாவதன் வால்பகுதியில் ஒப்பந்தக்காரரின் மடிக்கணினிப் பெயர் தெரிகிறது. மூன்றாவது 'ரூட்@லோக்கல்ஹோஸ்ட்' என்று மட்டும் முடிகிறது. அதை அழித்துவிடலாமா?

இரவுப்பணி எழுதியது:

ஒப்பந்தக்காரருடையதை அழியுங்கள். மூன்றாவதை இன்று அழிக்க வேண்டாம். யாரென்று தெரியாத சாவி ஒரு மனிதனுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஏதோவொரு ஸ்கிரிப்ட் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். 'ஆத்.லாக்' கோப்பில் ரூட்டாகச் சாவி மூலம் நுழைந்தவர்களின் ஐபி முகவரிகள் பதிவாகும். ஒரு வாரத்துக்கு அதைப் பாருங்கள்.

லொக்டவுன் போட்டால் சாவிகளும் செத்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. சாவிக் கோப்பில் பெயர் இருக்கும் ரூட்டை, லொக்டவுன் நிலை எஸ்எஸ்எச்சிலிருந்து தடுக்காது என்று விஎம்வேரின் ஆவணங்களிலேயே எழுதியிருக்கிறார்கள். முன்வாசலைப் பூட்டிவிட்டு வளவுப் படலையைத் திறந்துவிட்டதற்கு ஒப்பானது அது. பூட்டுவதற்கு முன் சாவிக் கோப்பைச் சுத்தம் செய்ய வேண்டும்.

பதிவுக்கோப்புகளைப் பற்றி ஒரு சொல். ஷெல்லில் தட்டும் ஒவ்வொரு கட்டளையும் 'ஷெல்.லாக்' கோப்பில், தட்டிய பயனரின் பெயரோடு பதிவாகும். எல்லோரும் ரூட்டாகவே நுழைந்தால் அந்தப் பெயருக்குப் பொருள் இல்லை. ரூட், ரூட், ரூட் என்று பக்கம் பக்கமாக வரும். ஆளுக்கொரு உள்ளகக் கணக்கு உருவாக்கி நிர்வாகி உரிமை கொடுங்கள். 8ஆம் பதிப்பில் ஒரு கணக்குக்கு ஷெல் உரிமையை மட்டும் தனியாகப் பறிக்கவும் முடியும். ஷெல்லுக்குள் ரூட்டாக நுழைந்தவன் அந்தப் பதிவையே அழித்துவிடலாம் என்பதால், பதிவுகளைத் தொலைவிலுள்ள ஒரு சிஸ்லொக் (பதிவுகளைப் பெற்றுச் சேமிக்கும்) சேர்வருக்கும் அனுப்ப வேண்டும். பழைய லினக்ஸ் கணினி ஒன்று போதும்.

கிளிநொச்சி ஹோஸ்ட் எதிலிருந்து எழுகிறது?

பனையோலை எழுதியது:

எஸ்டி அட்டையிலிருந்து.

இரவுப்பணி எழுதியது:

அப்படியானால் அதன் பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று முதலில் பாருங்கள். 'ஸ்க்ராட்ச்' இடம் வட்டில் அமைக்கப்படாவிட்டால் பதிவுகள் நினைவகத்தில்தான் இருக்கும். ஹோஸ்ட் ஒரு முறை நின்று எழுந்தால் யார் வந்தார், என்ன செய்தார் என்பதெல்லாம் போய்விடும். 7.0 பதிப்புக்கான பொதுவான ஆதரவும் 2025 ஒக்டோபர் 2ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அந்த ஹோஸ்டைப் பற்றி முகாமையாளரோடு தனியாகப் பேச வேண்டியிருக்கும்.

கடைசி பஸ் எழுதியது:

இன்னும் ஒரு கேள்வியை யாரும் தொடவில்லை. எஸ்எஸ்எச் சேவையைத் தொடங்குவதற்கான பொத்தான் எங்கே இருக்கிறது? இணைய இடைமுகத்தில், 443ஆம் போர்ட்டில். ரூட் கடவுச்சொல் கைவசம் உள்ளவன் அங்கே போய்ச் சேவையைத் தொடங்கிவிட்டு, பிறகு எஸ்எஸ்எச்சில் வருவான். அப்படியென்றால் மூடி வைத்ததன் பயன் என்ன?

சோளகம் எழுதியது:

நல்ல கேள்வி, அதற்கு நேர்மையான பதில்: கடவுச்சொல் போய்விட்டால் மூடிய எஸ்எஸ்எச் அவனைத் தடுக்காது. ஆனால் திறக்கும் செயல் ஒரு நிகழ்வாகப் பதிவாகும். மஞ்சள் எச்சரிக்கை எழும். எப்போதும் திறந்திருக்கும் ஹோஸ்டில் இரவு இரண்டு மணிக்கு யாராவது நுழைந்தால் அது பத்தோடு பதினொன்று. எப்போதும் மூடியிருக்கும் ஹோஸ்டில் இரவு இரண்டு மணிக்குச் சேவை தொடங்கினால், அந்த ஒற்றை நிகழ்வுக்கு மின்னஞ்சல் வரும்படி விசென்டரில் அலாரம் வைக்கலாம். எனக்கு அந்த வித்தியாசம் பெரியது. சாதாரண லொக்டவுன் போட்டால், ரூட் கடவுச்சொல்லோடு 443இல் நேரடியாக வருவதும் அடைபடும்.

நிர்வாகி உரிமை எங்கிருந்தெல்லாம் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஹோஸ்டை அக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசொஃப்ட் சேவை) இணைத்திருந்தால், 'ஈஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்' என்ற பெயரில் உள்ள குழுவின் உறுப்பினர்களுக்கு ஹோஸ்ட் முழு நிர்வாகி உரிமையையும் தானாகவே கொடுத்துவந்தது. அப்படியொரு குழுவை டொமைனில் புதிதாக உருவாக்கி அதில் தங்களைச் சேர்த்துக்கொண்டு தாக்குபவர்கள் உள்ளே வந்ததை மைக்ரோசொஃப்ட் 2024 ஜூலையில் வெளியிட்டது. 8.0 அப்டேட் 3இல் திருத்தினார்கள். டொமைனில் இணைக்காத ஹோஸ்டுக்கு இந்தக் கவலை இல்லை. இரண்டு, மூன்று ஹோஸ்டுகள் வைத்திருப்பவர் இணைக்க வேண்டிய தேவையும் இல்லை என்பேன்.

கடைசி பஸ் எழுதியது:

அலாரம் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். வேடம் என்று எழுதியதை மீளப் பெறுகிறேன், பாதியளவுக்கு.

இரவுப்பணி எழுதியது:

தேர்த் திருவிழாக் கவலைக்கும் பதில் சொல்ல வேண்டும். ஷெல் மூடியிருந்தால் வீட்டிலிருந்து எதுவும் செய்ய முடியாது என்று தம்பி எண்ணுவது சரியல்ல. விசென்டர் நலமாக இருந்தால் அதன் வழியாக எஸ்எஸ்எச்சை ஐந்து விநாடியில் தொடங்கலாம். விசென்டரும் விழுந்துவிட்டால் சேர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதிகளாக டெல் சேர்வர்களில் ஐட்ராக், எச்பி சேர்வர்களில் ஐலோ இருக்கின்றன. அவற்றின் மெய்நிகர் கொன்சோல், ஹோஸ்டின் முன்னால் நிற்பதற்குச் சமம்: எஃப்2, ரூட் கடவுச்சொல், 'டிரபிள்ஷூட்டிங்' பட்டியல், அங்கே ஷெல்லைத் திறப்பது, ஆல்ட்-எஃப்1 அழுத்தினால் ஷெல், ஆல்ட்-எஃப்2 அழுத்தினால் மீண்டும் டிசியூஐ.

ரூட் கணக்குப் பூட்டுப்படும்போதும் இதுவே கைகொடுக்கும். ஐந்து முறை தவறான கடவுச்சொல் கொடுத்தால் கணக்கு 900 விநாடிக்குப் பூட்டப்படும் என்பது இயல்பமைப்பு. எங்களிடம் ஒருமுறை, கடவுச்சொல் மாற்றியதை அறியாத கண்காணிப்பு மென்பொருள் ஒன்று பழையதையே திரும்பத் திரும்பக் கொடுத்து ரூட்டை நாள் முழுவதும் பூட்டியபடியே வைத்திருந்தது. அந்தப் பூட்டு எஸ்எஸ்எச்சுக்கும் ஏபிஐக்கும் மட்டுமே, டிசியூஐயைத் தொடாது.

ஐட்ராக்கை மட்டும் இணையத்தின் பக்கம் காட்டிவிடாதீர்கள். விபிஎன்னுக்குப் பின்னால் இருக்கட்டும்.

பனையோலை எழுதியது:

பத்து நாளுக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மூன்றாவது சாவியின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்டேன். 'ஆத்.லாக்' கோப்பில் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு நுழைவு. வந்த முகவரி எங்கள் சேர்வர் அறையின் மூலையில் யூபிஎஸ்ஸோடு யூஎஸ்பி வயரால் இணைந்து, தூசி படிந்து கிடக்கும் சிறிய கணினியினுடையது. மின்கலம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அது எஸ்எஸ்எச் வழியாக ஹோஸ்டுகளுக்குள் போய் இயந்திரங்களை ஒழுங்காக நிறுத்தி, ஹோஸ்டையும் அணைக்கிறது. திங்கட்கிழமைதோறும் இணைப்பைப் பரிசோதிக்கிறது. அன்று அந்த வரியை அழித்திருந்தாலும், எஸ்எஸ்எச்சை வெறுமனே மூடியிருந்தாலும், அடுத்த நீண்ட மின்வெட்டில்தான் எனக்குத் தெரிந்திருக்கும்.

அந்த ஸ்கிரிப்டை ஏபிஐ வழியாக வேலை செய்யும்படி மாற்றி எழுதினேன். அதற்கென்று ஓர் உள்ளகக் கணக்கை உருவாக்கி, இயந்திரங்களை நிறுத்தவும் ஹோஸ்டை அணைக்கவும் வேண்டிய உரிமைகளை மட்டும் கொடுத்து, லொக்டவுனின் விதிவிலக்குப் பயனராகச் சேர்த்தேன். விதிவிலக்குப் பட்டியல் இத்தகைய சேவைக் கணக்குகளுக்காகவே வைக்கப்பட்டது என்பதை ஆவணத்தை வாசித்தபோதுதான் அறிந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரத்தில் யூபிஎஸ்ஸின் மின்சாரத்தைக் கழற்றிச் சோதித்தேன். முதல் முறை இயந்திரங்கள் நின்றன, ஹோஸ்ட் நிற்கவில்லை. ஓர் உரிமை குறைந்திருந்தது. இரண்டாம் முறை இரண்டும் நின்றன.

நகரின் இரண்டு ஹோஸ்டுகளிலும் இப்போது சாதாரண லொக்டவுன், 900 விநாடி நேரவரம்புகள், கையால் தொடங்கும் எஸ்எஸ்எச், தொலைவுக்கு அனுப்பப்படும் பதிவுகள், விசென்டருக்குத் தானியங்கித் தொடக்கம். வீட்டிலிருந்து ஐட்ராக் வழியாக நுழைந்து ஷெல்லைத் திறக்கும் ஒத்திகையையும் செய்து பார்த்தேன். கடவுச்சொல் எழுதிய உறையைத் தேடியதில்தான் பாதி நேரம் போனது.

கிளிநொச்சி ஹோஸ்ட்தான் மிஞ்சியிருக்கிறது. அதன் ஐட்ராக்கில் மெய்நிகர் கொன்சோலுக்கான உரிமம் இல்லை. அங்கே எதுவாவது நின்றால் ஏ9 வீதியில் ஒன்றேகால் மணி நேரப் பயணம். ஆகவே அதில் மட்டும் எஸ்எஸ்எச்சைத் திறந்தே வைத்து, ஹோஸ்டின் தீச்சுவரில் எனது நிர்வாகக் கணினியின் ஒரே முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறேன். கணக்காய்வாளருக்கு எழுதிய பதிலில் அதை மறைக்கவில்லை. உரிமத்துக்கான விலைமனுவையும் இணைத்திருக்கிறேன். முகாமையாளர் இன்னும் கையொப்பமிடவில்லை.